மலைக்கு மலை பாட்டு வேற!

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் என்ன வித்தியாசம்?

"அங்கே வர்க்கி, இங்கே ஹோம்மேட் சாக்லேட். மத்தபடி ரெண்டு ஊர்லயும் ஏரி, போட்டிங், குதிரை, மிளகாய் பஜ்ஜி... அவ்ளோதான் மச்சி!" காலேஜ் டூர் போய் வந்த யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். இதே கேள்வியை அந்த மலைகளில் குடியிருக்கும் குருவிகளிடம் கேட்டுப் பாருங்கள். "எங்க சட்டை வேற, எங்க பாட்டு வேற, எங்க வம்சமே வேற!" என்று சண்டைக்கு வந்துவிடும்.

ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும் இந்தப் பறவைகளை எப்படிப் பிரிப்பது என்று பறவையியல் ஆட்களே நூறு வருஷத்துக்கு மேல் குழம்பியிருக்கிறார்கள். 2017-ல்தான் ஒரு தெளிவு கிடைத்தது. அந்தக் கதையைக் காதாலேயே கேட்டுவிடலாம் என்று மார்ச் மாதத்தில் இரண்டு வார இறுதிகளை ஒதுக்கி மலையேறினோம். 'னோம்' என்றால்... கோயம்புத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் நான், எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா, அவருடைய பைனாகுலர், என்னுடைய செல்போன்.

கடல் இல்லாத தீவு

முதலில் கொஞ்சம் ஜியாகிரஃபி. கொட்டாவி விடாதீங்க பாஸ், கதையின் முக்கியமான கேரக்டரே இங்கேதான் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,400 மீட்டருக்கு மேலே போனால் காடு மாறிவிடும். பள்ளங்களில் நெருக்கமாக, குட்டையாக, பாசி போர்த்திய மரங்கள். மேடுகளில் புல்வெளி. இந்தக் காட்டுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் சோலை. வெள்ளைக்காரர்கள் அதையே 'ஷோலா' என்று எழுதிக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்க அறிவியல் கட்டுரைகளில் அந்த வார்த்தைதான் ஓடுகிறது.

சோலையில் பிறந்த குருவிக்கு அந்தக் குளிர் வேண்டும், அந்த ஈரம் வேண்டும், அந்த அரை இருட்டு வேண்டும். கீழே இருக்கிற சமவெளி வெயில் அதற்குக் கடல் மாதிரி. நீந்தத் தெரியாதவன் கடலில் இறங்குவானா? அதுவும் இறங்காது. ஆக, ஒவ்வொரு மலை உச்சியும் ஒரு தீவு. 'ஸ்கை ஐலண்ட்', அதாவது வானத் தீவு என்றே விஞ்ஞானிகள் இதைச் சொல்கிறார்கள்.

இந்தத் தீவுகளைப் பிரிக்கும் பெரிய கடல், பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். நடுவில் சுமார் 30-40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத திறப்பு. கோவைக்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. ஆடி மாசம் குடையைத் திருப்பிப் போடுகிற காற்று வருவது அந்த வாசல் வழியாகத்தான். கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். "நீ காதுல பாட்டை மாட்டிக்கிட்டு அசால்ட்டா தாண்டற தூரத்தை இந்தக் குருவிங்க லட்சக்கணக்கான வருஷமா தாண்டலைடா தம்பி" என்றார் அக்கா.

இன்னும் தெற்கே போனால் இரண்டாவது கடல், செங்கோட்டைக் கணவாய். பாலக்காட்டு வாசலை விட ரொம்பக் குறுகல். அதற்கும் தெற்கே அகத்தியமலை, அசம்பு மலை.

"சும்மா கதை விடறீங்களா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், மேற்குத் தொடர்ச்சி மலையின் 9 இடங்களிலிருந்து 23 வகைப் பறவைகள், மொத்தம் 356 பறவைகளின் மரபணுவை அலசினார்கள். அதில் 10 வகைகளுக்கு மிகப் பழைய பிரிவு எங்கே விழுந்திருந்தது தெரியுமா? பாலக்காட்டுக் கணவாயில்தான். மீதியில் பெரும்பாலானவை கணவாயைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரே பள்ளம்தான்... சிலருக்கு வாய்க்கால், சிலருக்குச் சமுத்திரம்!

ஊட்டி: தாடிக்காரர் சிரிக்கிறார்

தொட்டபெட்டா ரோடு, காலை 6 மணி. சுற்றுலா வண்டிகள் இன்னும் ஏறவில்லை. மூச்சு விட்டால் புகை. புதருக்குள்ளிருந்து திடீரென்று ஒரு சிரிப்பு. ஹாஸ்டலில் யாரோ மொக்கை ஜோக் சொல்ல, முதலில் ஒருத்தன் சிரித்து, அப்புறம் மொத்த கேங்கும் சேர்ந்து சிரிக்குமே... அதே ஸ்டைல். ஒன்று ஆரம்பிக்க, அடுத்த புதரிலிருந்து இன்னொன்று எடுக்க, அரை நிமிஷத்தில் ரோடு முழுக்கச் சிரிப்பு.

இவர்தான் நீலகிரிச் சிரிப்பான். தவிட்டுப்பழம் என்றால் உயிர். அந்தச் செடிகள் இருக்கும் ஓரங்களில் கூட்டமாக வருவார்கள். பைனாகுலரில் பார்த்தால் மார்பு, வயிறு எல்லாம் செம்பழுப்பு. கண்ணுக்கு மேலே பளிச்சென்று வெள்ளைப் புருவம். கண்ணுக்கு முன்னால் கறுப்பு, தாடையிலும் கறுப்பு. சுருக்கமாகச் சொன்னால், ஃப்ரெஞ்ச் பியர்ட் வைத்த பேராசிரியர் லுக்!

"அந்தத் தாடியையும் நெஞ்சுக் கலரையும் நல்லா மனசுல வெச்சுக்கோ. அடுத்த வாரம் பரீட்சை இருக்கு" என்று அக்கா எச்சரித்தார்.

அடுத்து, ஊட்டி டவுனை ஒட்டியே இருக்கும் கெய்ர்ன் ஹில். இங்கே தேடியது நேர் எதிர் ஆசாமியை. சிரிப்பான் மேடைப் பேச்சாளர் என்றால், இவர் கடைசி பெஞ்ச். தரையை ஒட்டி, சருகுக்குள், இருட்டுக்குள்தான் நடமாட்டம். கண்ணில் படுவதற்கு ரொம்ப முன்னாலேயே காதில் விழுந்துவிடுவார். மெல்லிய விசில், நடுவே ஒரு கரகரப்பு, மறுபடி விசில். அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு ஒரு விநாடி தரிசனம் கிடைத்தது. சிலேட்டு நீல உடம்பு, நீளக் கால், வயிற்றின் நடுவே வெள்ளை, இரண்டு பக்கமும் துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் பழுப்பு.

பெயர்? நீலகிரி சோலைக்கிளி!

"கிளியா? பச்சையும் இல்லை, மூக்கும் வளையலை..." என்றேன். அக்கா சிரித்தார். "மலையாளத்துல சின்னப் பறவை எல்லாமே கிளிதான்டா. சோலையில இருக்கற பறவை, சோலைக்கிளி. அவ்ளோதான்."

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யம் உண்டு. முன்பு இதை 'ஷார்ட்விங்' என்று சொல்லி வெளியூர்ப் பறவைகளின் வகைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு பேரினத்தில் சேர்ப்பார், அடுத்தவர் வேறொன்றுக்கு மாற்றுவார். ரேஷன் கார்டு முகவரி மாதிரி மாறிக்கொண்டே இருந்தது. 2017-ல் வி.வி. ராபின் தலைமையிலான குழு மரபணு, உடல் அளவு, இறகின் நிறம், பாட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, "இவங்க யாருக்கும் சொந்தம் இல்லை, தனிக் குடும்பம்" என்று அறிவித்தது. புதிய பேரினத்துக்கு வைத்த பெயர் 'ஷோலிகோலா'. லத்தீனில் 'கோலா' என்றால் குடியிருப்பவர். சோலைவாசி! சிரிப்பான்களுக்கும் அதே கட்டுரையில் தனிப் பேரினம் கிடைத்தது: 'மான்டெசின்க்லா'. இரண்டு பேரினமும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

ஊட்டியில் இன்னொரு செம டெஸ்டும் இருக்கிறது. நீலமாக ஒரு ஈப்பிடிப்பான் கிளை நுனியில் உட்கார்ந்திருந்தால் அவசரப்படாதீர்கள். அது உள்ளூர்க்காரரான நீலகிரி ஈப்பிடிப்பானாகவும் இருக்கலாம், குளிர்காலத்துக்கு இமயமலையிலிருந்து வந்து போகிற வெர்டிட்டர் ஈப்பிடிப்பானாகவும் இருக்கலாம். கடல்பச்சை கலந்த பளீர் நீலம், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே கறுப்புப் பொட்டு என்றால் விருந்தாளி. அழுத்தமான இண்டிகோ நீலம், வாலின் அடியில் சின்ன வெள்ளைத் திட்டு என்றால் வீட்டுக்காரர்.

கொடைக்கானல்: ஷேவ் பண்ணிட்டாரு!

அடுத்த வாரம் உடுமலை, பழனி வழியாகக் கொடைக்கானல். ஊருக்குள்ளேயே இருக்கிறது பாம்பே சோலை. ரோட்டில் ஹாரன் சத்தம், பத்தடி உள்ளே போனால் பாசி வாசனை. இப்படி ஒரு காட்டை ஊர் நடுவில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஏரியையே சுற்றி வருகிறோம் என்பதுதான் ஆச்சரியம்.

இங்கேயும் சிரிப்புச் சத்தம். ஆனால் ராகம் வேறு. 'பீ... கோகோ, பீ... கோகோ' என்று இழுத்து வெட்டுகிற மாதிரி. காலையிலும் சாயங்காலமும்தான் கச்சேரி களை கட்டுகிறது. ஊட்டி ஆளின் சிரிப்பை ஒரு வாரம் செல்போனில் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு, வித்தியாசம் முதல் 'பீ'யிலேயே தெரிந்துவிட்டது.

பழனி சிரிப்பான். வெள்ளைப் புருவம் அப்படியே இருக்கிறது. ஆனால் தாடையில் கறுப்பு காலி... ஷேவ் பண்ணிவிட்டார்! நெஞ்சில் செம்பழுப்பு இல்லை. அங்கே மெல்லிய கோடு போட்ட சாம்பல் ஸ்வெட்டர். செம்பழுப்பு கீழே வயிற்றுக்கு இறங்கிவிட்டது. இவருடைய அறிவியல் பெயரில் 'ஃபேர்பேங்கி' என்று வரும். பழனி மலையில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்க்கின் நினைவாக 1869-ல் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர் அது.

சோலைக்கிளியும் இங்கே வேறு. வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. ஊட்டிக்காரருக்கு இடுப்பில் இருந்த ஆரஞ்சுப் பழுப்பு இவருக்கு இல்லை. பக்கவாட்டிலும் நீலச் சாம்பல், நடுவில் மட்டும் வெள்ளை. கண்ணுக்கு மேலே வெளிர் புருவம் எடுப்பாகத் தெரிகிறது.

"முதல்ல எந்த மலையில நிக்கறேன்னு பாரு. அப்புறம் நிறத்தைப் பாரு. கடைசியா பாட்டை வெச்சு உறுதி பண்ணு. இந்த மூணும் ஒத்துப்போனாத்தான் நோட்டுல எழுதணும்" - இது அக்காவின் தியரம். எந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

பாக்கெட்டுக்குள் ஒரு பிட்!

எக்ஸாம் ஹாலுக்கு எடுத்துப் போகக் கூடாது, காட்டுக்கு எடுத்துப் போகலாம்.

நீலகிரிச் சிரிப்பான்: நெஞ்சும் வயிறும் செம்பழுப்பு, தாடை கறுப்பு.

பாணாசுர சிரிப்பான்: வயநாடு, குடகுப் பக்கத்து உயரமான மலைகள். நெஞ்சு சாம்பல், வயிறு செம்பழுப்பு. உலகிலேயே சில உச்சிகளில் மட்டும் வாழ்கிறது.

பழனி சிரிப்பான்: பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே. கோடு போட்ட சாம்பல் நெஞ்சு, வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும்.

அசம்பு சிரிப்பான்: செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே. பழனி ஆளின் தம்பி மாதிரி. புருவம் மட்டும் குட்டை, கண்ணைத் தாண்டாது.

சோலைக்கிளிகள் மூன்று: நீலகிரியில் பழுப்பு இடுப்பு. பழனி, ஆனைமலையில் நீலச் சாம்பல் இடுப்பு. செங்கோட்டைக்குத் தெற்கே அசம்பு சோலைக்கிளி. இந்த மூன்றாவது ஆளை, பார்க்க வெள்ளை வயிற்றுக்காரர் மாதிரியே இருக்கிறார் என்று அதுவரை அவரோடு சேர்த்தே எண்ணி வந்தார்கள். தனி இனம் என்று பெயர் சூட்டியது 2017-ல்தான்.

டி.எஸ்.பி. பேப்பரும் குருவிப் பாட்டும்

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைக் காது எப்படிப் பிரிக்கிறது? இங்கேதான் நம்ம டிபார்ட்மென்ட் உள்ளே வருகிறது.

செல்போனில் பதிவு செய்த பாட்டை 'ஆடாசிட்டி' என்ற இலவச சாஃப்ட்வேரில் போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் எடுத்தோம். படுக்கை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் அதிர்வெண், எங்கே சத்தம் அதிகமோ அங்கே நிறம் அழுத்தம். டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் பேப்பரில் ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம் என்று நம்மைப் பயமுறுத்துவார்களே, அதே சாமிதான். சோலைக்கிளியின் விசில் மெல்லிய கோடாக வளைந்து போகிறது. சிரிப்பானின் சிரிப்பு ஏணிப்படி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கிறது. அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நாம் எல்லோரும் பாஸாகியிருப்போம்!

இதையே ஒழுங்காக, பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. 2016-ல் புருஷோத்தமும் ராபினும் வெளியிட்ட ஆய்வில் 6 இடங்களைச் சேர்ந்த 38 சோலைக்கிளிகள் பாடிய 835 பாட்டுகளை அலசினார்கள். பாட்டுகள் மூன்று பெரிய கோஷ்டிகளாகப் பிரிந்தன. மனுஷங்களில் கோவைத் தமிழ், மதுரைத் தமிழ், நெல்லைத் தமிழ் இல்லையா? பாடும் பறவைக் குஞ்சுகளும் பெரியவர்களைக் கேட்டுத்தான் பாடப் பழகுகின்றன. 'ஏனுங்க'வும் 'என்னலே'யும் பிறப்பில் வருவதில்லையே!

ஆனால் அந்த ஆய்வில் தூக்கம் கெடுக்கிற விஷயம் வேறு. இந்த ஆறு இடங்களில் சிலவற்றைப் பிரித்தது பழைய கணவாய்கள். சிலவற்றைப் பிரித்தது இயற்கை இல்லை. நாம். காட்டை வெட்டியதால் துண்டான சோலைகள் அவை. பறவையின் குரல் உறுப்புக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டையும் தனித்தனியாக இயக்க முடியும். ஒரே ஆள் டூயட் பாடலாம்! அந்தத் தசைகளை வைத்து அது செய்கிற நுணுக்கமான சங்கதிகளைப் பார்த்தபோது, பழைய கணவாய் பிரித்த கூட்டங்கள் மட்டுமல்ல, காடழிப்பு பிரித்த கூட்டங்களும் தனித்தனியாகத் தெரிந்தன. சாதாரணமாக அளக்கும் அதிர்வெண்ணில் சிக்காத வேறுபாடு, மரபணுவில் இன்னும் பதியாத வேறுபாடு, பாட்டின் சங்கதியில் பதிந்திருக்கிறது.

புரிகிறதா? கணவாய் லட்சக்கணக்கான வருஷம் எடுத்துச் செய்த வேலையை, கோடரி சில தலைமுறைகளில் ஆரம்பித்து வைத்திருக்கிறது.

ரீல்ஸ் எடுக்கிற இடம்

"அதனால என்ன? புதுசு புதுசா இனம் வந்தா நல்லதுதானே?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"கணவாய் பிரிச்சப்போ ரெண்டு பக்கமும் பெரிய காடு இருந்துச்சு, வாழ்றதுக்கு இடம் இருந்துச்சு. நாம பிரிக்கறப்போ ஒரு பக்கம் நாலு ஏக்கர்தான் மிச்சம். அதுல இருக்கற பத்துக் குருவி புது இனமா மாறாது தம்பி, செத்துப்போகும்."

கொடைக்கானலில் எல்லோரும் ரீல்ஸ் எடுக்கிற பைன் ஃபாரஸ்ட் இருக்கிறதே, அது காடே இல்லை. மனுஷன் நட்டு வளர்த்த வெளியூர் மரத் தோட்டம். நாங்கள் உள்ளே நின்று பத்து நிமிஷம் காது கொடுத்துப் பார்த்தோம். காற்றுச் சத்தம், செல்ஃபி சத்தம். சோலைக்கிளி சத்தம் இல்லை. பழனி மலையில் 40 ஆண்டுகளில் இயற்கைப் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது என்கிறது 2018-ல் வந்த ஓர் ஆய்வு. அந்த இடத்தைப் பிடித்தவை அக்கேசியா, பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும். சோலையும் புல்வெளியும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். ஒன்றைச் சாய்த்து மற்றதைத் தனியாக வைத்திருக்க முடியாது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஊட்டிக் குருவிக்கும் கொடைக்கானல் குருவிக்கும் வித்தியாசம் தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது? எல்லாம் ஒரே இனம் என்று எழுதி வைத்தால், "இங்கே போனா என்ன, அங்கே இருக்கே" என்று சொல்லிவிடலாம். வேறு வேறு இனம் என்று தெரிந்துவிட்டால் அந்தச் சாக்கு செல்லாது. பாணாசுர சிரிப்பான் அந்தச் சில உச்சிகளில் அழிந்தால் அழிந்ததுதான். தனி இனமாகப் பிரித்து எண்ணியதால்தான் அது அழியும் ஆபத்தில் இருப்பதாக உலகப் பட்டியலில் இன்று தனியாக எழுதப்பட்டிருக்கிறது. தாடி இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பது பொழுதுபோக்கு மட்டுமில்லை மக்களே. ஒரு காட்டுக்கு ஆயுள் கேட்கிற மனுவும் அதுதான்.

கிளம்பறீங்களா?

* மார்ச் முதல் ஜூன் வரை பாட்டு அதிகம். விடிகாலை 6 மணிக்குக் காட்டு ஓரத்தில் இருக்க வேண்டும். 9 மணிக்கு எழுந்து போனால் பஜ்ஜிதான் கிடைக்கும்.

* ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கொண்டுவந்திருக்கிறார்கள். கிளம்பும் முன் விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வனத்துறை அனுமதி இல்லாத சோலைக்குள் நுழையவே வேண்டாம். ரோட்டோரமே போதும்.

* செல்போனில் பறவைப் பாட்டை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று அது சாப்பாட்டையும் கூட்டையும் விட்டு ஓடி வரும். பதிவு செய்யலாம், போட்டுக்காட்டக் கூடாது.

* வீட்டுக்கு வந்ததும் பட்டியலை 'ஈபேர்ட்' தளத்திலும், பதிவை 'ஜீனோ-கேன்டோ' தளத்திலும் ஏற்றுங்கள். இரண்டும் இலவசம். எந்த மலை, எத்தனை மணி என்பதை மறக்காமல் எழுதுங்கள். நாளைக்கு ஒரு ஆராய்ச்சிக்கு உங்கள் 30 விநாடி உதவலாம்.

* மலைக்குப் போகக் காசில்லையா? ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாடு முழுக்கக் கல்லூரி வளாகங்களில் 'கேம்பஸ் பேர்ட் கவுன்ட்' நடக்கிறது. கேன்டீன் வாசல் வேப்பமரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கடைசியாக ஒரு ரெக்வெஸ்ட். அடுத்த டூரில் மலை ஏறும்போது, கடைசிக் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் டிரைவர் அண்ணனிடம் சொல்லி, பஸ் ஸ்டீரியோவை ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மலைக்குச் சொந்தமான பாட்டு வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.